இரண்டாவது பொருத்தம்

கல்யாணத்தின்போது பேச்சிக்கும் சுடலைமணிக்கும் யாரும் பொருத்தம் பார்க்கவில்லை. ஜாதகம் எழுதி வைக்கிற குடும்பங்கள் இல்லை இரண்டும். கோயிலில் பூக்கட்டிப் போட்டார்கள், வெள்ளைப் பூ வந்தது, தாலியைக் கட்டி செங்கோட்டை வழியாகக் கொச்சிக்கு ரயிலேற்றி விட்டார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலாகப் பொருத்தம் பார்த்தார்கள். ரத்தம் பொருந்தியது.

"இனி பாக்கி டெஸ்டெல்லாம் எடுக்கணும். நாளைக்கு வரச் சொல்லியிருக்காவ" என்றாள் பேச்சி, கையை நிறுத்தாமல்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்கு. வெளியே ஆடி மாசத்துக் கர்க்கடக மழை. வெயில் மாதங்களில் முற்றம் முழுக்க இஞ்சி காயும். மழைக்காலத்தில் எல்லாம் உள்ளேதான். பெண்கள் சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, சுக்கை முறத்தில் கொட்டிப் புடைத்து, முழுசு ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம், பூச்சி தின்றது ஒரு பக்கம் என்று ஒதுக்குவார்கள். சுக்கின் மேல் பூசின சுண்ணாம்பு பொடியாகப் பறந்து இமை மயிரில் உட்காரும். வாயைத் துணியால் கட்டியிருந்தாலும் தொண்டையில் காரம் நிற்கும். பேச்சிக்குப் பின்மண்டையில் எப்போதும் ஒரு வலி உண்டு. பொடி ஏறுவதால் என்று வைத்திருந்தாள். மெடிக்கலில் கேட்டால் மாத்திரை தருவார்கள். சாயாவோடு ஒன்று போட்டுக்கொண்டால் சாயங்காலம் வரை ஓடும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நபீசத்தா முறத்தைக் கீழே வைத்தாள். கிடங்கில் அவள்தான் மூத்தவள்.

"எடி பேச்சீ, நினக்குப் பேடியில்லே?"

பயமில்லையா என்று கேட்கிறாள். வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"என்ன பயம்? ரெண்டு இருக்கு, ஒண்ணு குடுக்கேன்."

"அது சக்கப்பழமாடீ, ரெண்டிருக்கு ஒண்ணு கொடுக்க?"

பெண்கள் சிரித்தார்கள். பேச்சியும் சிரித்தாள். சூப்பர்வைசர் அனில் எட்டிப் பார்க்கவும் முறங்கள் மறுபடி ஏறி இறங்கின.

சுடலைமணி பெட்டி ஆட்டோ ஓட்டினவன். மட்டாஞ்சேரி மார்க்கெட்டிலிருந்து தோப்பும்படி, பள்ளுருத்தி வரைக்கும் கடைகளுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் இறக்குவான். மூட்டையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு போவான். நாற்பது தாண்டியபோது ஒரு தடவை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். பிரஷர் இருக்கிறது, மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். தலைசுற்றல் நின்றதும் இவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். "நோவு இல்லாதவனுக்கு எதுக்குட்டி மருந்து?" என்பான். சில வருஷம் அப்படியே போயிற்று. பிறகு கால் வீங்கியது. காலையில் முகம் வீங்கியது. சோற்றைப் பார்த்தால் குமட்டல் வந்தது. ஒருநாள் படிக்கட்டில் மூச்சு முட்டி நின்றவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிட்னி இரண்டும் முடிந்திருந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஃபோர்ட்கொச்சி ஜெட்டியில் படகேறி எர்ணாகுளம் போய், கையில் இரண்டு ஊசி குத்திக்கொண்டு அரைநாள் படுத்துவிட்டு, கசக்கிப் பிழிந்த துணிமாதிரி திரும்பி வருவான். மற்ற நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி என்று சின்ன பாட்டிலில் நிரப்பி வைத்திருப்பாள் பேச்சி. அதை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பான்.

அவனுக்கு உப்பில்லாத சமையல். காய்களை வெட்டி வெந்நீரில் போட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது, கப்பைக் கிழங்கு ஆகாது. அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "மாட்டுக்கு வைக்கியாட்டி?" என்று கத்திய நாள்களும் உண்டு. அவன் எழுந்து போனபிறகு பேச்சி தனக்கும் மகளுக்கும் வைத்த சோற்றை எடுப்பாள். கருவாட்டைச் சுட்டு, மாங்காய் ஊறுகாயை வழித்துப் போட்டுக்கொண்டு, நாக்கு உயிர்பிழைத்த மாதிரி தின்பாள்.

கிட்னி மாற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சுடலைமணியின் தங்கை செல்வலட்சுமியும் கூட இருந்தாள். ஏலூரில் இருக்கிறாள், புருஷன் அங்கே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. "எனக்குத்தான் சுகர் ஆயிப்போச்சே அண்ணே" என்று அவள் அழ ஆரம்பித்ததும், பேச்சி, "நான் தாரேன்" என்றாள். ரேஷன் கடைக்கு நான் போகிறேன் என்று சொல்வதுபோல் வந்தது குரல். எல்லோரும் நிம்மதியானார்கள். வேறு என்ன சொல்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதன் பிறகு கிடங்கில் குனிந்து நிமிரும்போதெல்லாம் இடது விலாவுக்குக் கீழே கை தானாகப் போகும். அங்கே இருப்பது அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தாள். இறக்கினாள். மறுபடி அடித்தாள்.

"சேச்சி படி ஏறியா வந்தது?"

"இல்ல, லிஃப்டுலதான்."

"கொஞ்ச நேரம் இரிக்கு. நமுக்கு ஒரு தடவைகூடி நோக்காம்."

பேச்சி உட்கார்ந்தாள். இன்னொரு தடவை பார்த்தார்கள். மற்ற கையில் பார்த்தார்கள். நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள். மூத்திரம், ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி, அப்போதும் பிரஷர் பார்த்தபிறகுதான் டாக்டரம்மா கூப்பிட்டாள். அவளுடைய தமிழ் மலையாளத்தில் நனைந்திருந்தது.

"பேச்சிக்குத் தலைவேதனை உண்டோ?"

"உண்டு டாக்டரே. சுக்குப்பொடி ஏறுறதுனால."

"அதுக்கு என்ன மருந்து?"

"மெடிக்கல்ல குடுக்கிற வலி மாத்திரைதான்."

"தினமும்?"

"வேலை இருக்கிற அன்னைக்கு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "பேச்சி, கேளுங்க. உங்க பிரஷர் ரொம்பக் கூடுதல். இன்னைக்கோ நேத்தோ வந்ததில்ல, பல வருஷமாயிட்டு இருக்கு. அது கிட்னியைக் கெடுத்திட்டு இருக்கு. அந்த வலி மாத்திரையும் கெடுத்திருக்கு. உங்க கிட்னி இப்பவே பாதி வேலைதான் செய்யுது. உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாது."

சுடலைமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பேச்சி தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படண்டா. இதே நிலையில் நிறுத்தி வைக்கலாம். மாத்திரை ஒருநாளும் விடக்கூடாது. உப்பு குறைக்கணும். வலி மாத்திரை தொடவே கூடாது. ஒரு அறிகுறியும் இல்லேன்னு சொல்லி நிறுத்திட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு..." என்று அவள் சுடலைமணியை ஒரு முறை பார்த்துவிட்டு மேலே சொல்லாமல் விட்டாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேச்சிக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று இறங்கி, நல்லா மூச்சு வாங்க முடிந்தது. இத்தனை நாள் வயிற்றுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்ட மாதிரி. அது என்னவென்று தெரிந்ததும் அவள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. நோயாளியாகிவிட்டோம் என்று கேட்டதற்கா ஒரு பொம்பளைக்கு இப்படி இருக்கும்? அப்புறம் அந்த நிம்மதியும் போய்விட்டது. எதுவுமே இல்லாமல் போயிற்று. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. பஸ்ஸில் ஏறினாள், இறங்கினாள், அரிசி களைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வலட்சுமி வந்தாள். மழையில் நனைந்த குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு அண்ணன் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பேச்சி சாயா போட்டுக் கொடுத்தாள்.

"மதினி, கேக்கேன்னு தப்பா நெனைக்காதீக. போன மாசம் வரைக்கும் நீங்க சாக்கு தூக்குனிய. ஒரு நாளு படுத்ததில்ல. திடீர்னு எங்கன இருந்து வந்துச்சு இவ்வளவு பிரஷர்?"

"எனக்குத் தெரியலியே செல்வி."

"பயத்துலயும் ஏறுமாம். எங்க பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லுதா. வேண்டாம் வேண்டாம்னு மனசுல நெனச்சுக்கிட்டே போயி உக்காந்தா ஏறத்தான செய்யும்?"

பேச்சி காலி டம்ளர்களை எடுத்தாள்.

"அத்தே, மதி" என்றாள் விஷ்ணுப்ரியா. போதும் என்கிறாள். எர்ணாகுளத்தில் பி.காம். படிக்கிற பெண். தமிழ் பேசுவாள், எழுத்து மலையாளம்தான் வரும். "அம்மாவோட ரிப்போர்ட் ஞான் வாயிச்சு. பிரஷர் மட்டுமில்ல, கிட்னியே சுருங்கியிருக்கு. பயத்துல அது சுருங்குமா?"

"நான் உங்கம்மையக் குத்தம் சொல்லலட்டி. எங்க அண்ணன் கெடக்கிற கெடையப் பாத்துச் சொல்லுதேன். இனி யாரு குடுப்பா?"

"ஞான் தரேன்" என்றாள் விஷ்ணுப்ரியா.

பேச்சியின் கையில் டம்ளர்கள் இருந்தன.

"எனக்கு ஒரு குழப்பமும் இல்ல" என்றாள் மகள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "என் பிளட் குரூப்பும் அதுதானே. காலேஜ் பரீட்சை கழிஞ்சா ஃப்ரீதான்."

செல்வலட்சுமி மருமகளின் தலையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என் தங்கம்! பாத்தியாண்ணே, நீ பெத்தது எப்பிடிப்பட்ட புள்ளன்னு."

பேச்சி சுடலைமணியைப் பார்த்தாள். அவன் வாய் திறந்திருந்தது. சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கூரையில் மழை விழுவதைப் பார்த்தான். பேச்சி அடுக்களைக்குப் போய் டம்ளர்களைக் கழுவினாள். கழுவினதையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள்களில் வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசவில்லை. மகள் காலேஜ் போய் வந்தாள். தலையை மட்டும் முன்னைவிட இறுக்கிப் பின்னிக்கொண்டாள். சாப்பிடும்போது போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பேச்சி காலையில் தன் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிடங்குக்குப் போனாள். மாத்திரை புதிது என்பதால் எழுந்திருக்கும்போது லேசாகத் தள்ளியது. பின்மண்டை வலி போயிருந்தது. வலி இல்லாத மண்டை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

நபீசத்தா தன் பாத்திரத்திலிருந்து எடுத்து நீட்டிய மீன் வறுவலை அவள் வாங்கவில்லை.

"உப்பு ஆகாது இத்தா."

"மோள் தராம்னு பறஞ்சோ?"

"சொல்லிட்டா."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

நபீசத்தா சுக்குத் துண்டு ஒன்றை விரல்களுக்கு நடுவில் உருட்டினாள். பிறகு, "நீ என்ன சொன்னே?" என்றாள்.

பேச்சி முறத்தைத் தட்டினாள். "என்கிட்ட யாரு கேட்டா?"

"கேட்டாத்தானா சொல்லுவே? பத்து மாசம் சுமந்தது நீயில்லே?"

அன்று முழுக்க பேச்சி முழுசையும் உடைசலையும் மாற்றி மாற்றிப் போட்டாள். அனில் வந்து முறத்தைக் கிளறிப் பார்த்து, "எந்தா பேச்சி சேச்சி, சுகமில்லே?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாள் அவனிடம் லீவு சொன்னாள்.

டயாலிசிஸுக்கு வழக்கமாக சுடலைமணி தனியாகத்தான் போவான். அன்று அவளும் கூடப் போனாள். போகும்போது படகில் கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல். ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு மெஷின். அவன் ரத்தம் குழாயில் வெளியே போய் உள்ளே வருவதை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். இப்படிக் கூடவே உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் கட்டில் ஆள் தூங்கினான். சுடலைமணி தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான்.

திரும்பும்போது படகு காலியாகக் கிடந்தது. மழை வெறித்திருந்தது. இருவரும் ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தார்கள். அவன் ஊசி குத்தின கையை மடியில் வைத்துக்கொண்டான். தூரத்தில் வல்லார்பாடத்துக் கிரேன்கள் மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றன.

"ஏட்டி" என்றான் சுடலைமணி.

"ம்."

"புள்ள சொன்னப்ப நான் ஒண்ணும் சொல்லல."

"பாத்தேன்."

"வேண்டாம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரல."

இன்ஜின் சத்தம்.

"சாவுக்குப் பயந்துன்னு நெனச்சிராத. அதெல்லாம் பழகிப்போச்சு. தண்ணிட்டி. ஒரு செம்புத் தண்ணிய அண்ணாந்து கடகடன்னு குடிக்கணும். நெஞ்சு நனைய வழியணும். மழைநேரத்துல ஆம்பள மாதிரி ஓரமா நின்னு ஒண்ணுக்குப் போவணும். எத்தனை காலம் ஆச்சு தெரியுமா? அவ தாரேன்னு சொன்னதும் அதுதான் கண்ணுக்கு முன்னால வந்துச்சு. அவ வயித்தக் கீறுவாங்களேன்னு வரல. தண்ணிதான் வந்துச்சு. நானெல்லாம் ஒரு தகப்பன்."

பேச்சிக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் படகேறினாள். தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"டாக்டரம்மா என்னுது ஆவாதுன்னு சொன்னாள்லா" என்றாள். "அப்ப எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா?"

"சங்கடமா இருந்திருக்கும்."

"இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு."

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்க தங்கச்சி சொன்னதுல பாதி நெசம். பிரஷர நான் கூட்டல. ஆனா பயந்துதான் கெடந்தேன். கத்தி வைக்கப் போறாங்கன்னு இல்ல. குடுத்தபொறவு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாப்பா? நீங்களா பாப்பிய? அத நெனச்சு நெனச்சு... ஆவாதுன்னு சொன்னதும் விட்டுதுடான்னு இருந்துச்சு. உங்கள நெனைக்கல. ஒரு நிமிசம்கூட நெனைக்கல."

படகு ஜெட்டியை நெருங்கியது. பையன் கயிற்றை வீசினான். சுடலைமணி எழுந்திருக்கத் தடுமாறினான், அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இறங்கி, ரோட்டுக்கு வந்து, ஆட்டோ வருகிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பேசினான்.

"நீ சொல்லாத. நானே சொல்லுதேன் அவகிட்ட."

"எப்ப?"

"இன்னைக்கே. வச்சிருந்தா மறுபடி தாகம் எடுக்கும்."

விஷ்ணுப்ரியா காலேஜ் விட்டு வரும்போது மணி ஐந்து இருக்கும். பையை நாற்காலியில் போட்டுவிட்டு, ஈரக் காலோடு அடுக்களைக்குள் வந்து சாயா கேட்டாள். "மொதல்ல அப்பாகிட்டப் போ" என்றாள் பேச்சி. மகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பேச்சி அடுக்களை வாசலில் நின்றாள்.

"மோளே" என்றான் சுடலைமணி. ஆசையாக இருக்கும்போது அவளை அப்படித்தான் மலையாளத்தில் கூப்பிடுவான். "உன் கிட்னி எனக்கு வேண்டாம்."

"அப்பா, டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டுப் பாத்திட்டு..."

"டாக்டர் சரின்னாலும் வேண்டாம். எனக்கும் உங்கம்மைக்கும் இருக்கு. நாளைக்கு உனக்கும் வரலாம். உனக்கு ரெண்டும் வேணும். நீ முதல்ல போயி உன் பிரஷரப் பாக்கணும்."

"அப்போ அப்பாவுக்கு?"

"அரசாங்கத்துல பேரு பதிஞ்சு வைக்கலாங்காவ. யாராவது செத்துத் தந்தா வரட்டும். வராட்டி ஊசி குத்திக்கிட்டுக் கெடக்கேன். பழகிட்டு."

"எனக்குக் குழப்பம் இல்லேன்னு சொன்னேனே அப்பா. ஞான் மனசோடதான் சொன்னேன்."

"தெரியும். நீ சொன்ன அன்னைக்கே நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். இத்தனை நாளு உன்ன நிக்கவச்சுட்டேன்." அவன் இருமிக் குரலைச் சரிசெய்துகொண்டான். "உங்க அத்தைகிட்ட நானே போன் பண்ணிச் சொல்லிருதேன். போ, சாயா குடி."

விஷ்ணுப்ரியா "சரி" என்றாள். சிரிக்கவோ அழவோ இல்லை. நடந்து வந்து, அம்மாவைத் தாண்டி, அடுக்களைக்குப் பின்னால் இருந்த குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பேச்சி சாயாவுக்குப் பாலை வைத்தாள். உள்ளேயிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு விசும்பல். வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற மாதிரி, மூச்சு விட்டு விட்டு இழுத்தது. அது அப்பாவுக்காக அழுகிற அழுகை இல்லை என்று பேச்சிக்குத் தெரிந்தது. தப்பித்து வந்தவளின் அழுகை அது. அது வெளியே கேட்டுவிடக் கூடாதே என்ற வெட்கமும் அதில் இருந்தது. கதவருகே போனாள். தட்டக் கையைத் தூக்கி, தட்டாமல் திரும்பினாள்.

ஹாலில் சுடலைமணி போனில் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான். உள்ளே அழுகை பெரிதாகிக்கொண்டு வந்தது. பேச்சி அடுப்பை அணைத்தாள். மேடையில் இருந்த மிக்ஸியில் காலி ஜாரை வைத்து, குமிழை முழுசாகத் திருப்பினாள். சின்ன வீடு அதிர்ந்தது.

"என்னத்தட்டி அரைக்க இந்த நேரத்துல?" என்று கத்தினான் சுடலைமணி.

"ஒண்ணுமில்ல" என்று பதிலுக்குக் கத்தினாள். "நீங்க பேசுங்க."

குளியலறைக் கதவு திறக்கிற வரைக்கும் அவள் அதை நிறுத்தவில்லை.